பழப்புளி போட்டு மினுக்கிய ஜெர்மன் துவக்கு

என்னைப் பற்றி ஒருவர் குறைத்து நினைத்தால் உடனே திருத்திவிடுவேன். கூட்டி நினைத்தால், பாவம், அவர் மனம் நோகக்கூடாதே என்று பேசாமல் இருந்துவிடுவேன். இந்தக் குணத்தால் ஒரு மனிதரின் செத்துப்போன தகப்பனைப் பொய்யராக்கியவன் நான். அதுவும் ஒரு கைப்பிடிப் பழப்புளியால்.

மாரித்தும் நானும் கலியாணம் செய்வது என்று எங்களுக்குள் முடிவெடுத்த பிறகு, அவளுடைய பெற்றோரை முதல்முறை பார்க்கப் போன நாள் அது. ஒஸ்லோவில் நான் இருந்தது ஹொல்ம்லியா, அவர்கள் நூர்ஸ்ட்ராண்ட். உள்ளூர் ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் வீடுகளைப் பார்த்தால் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போல இருக்கும். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மாப்பிள்ளைக் கோலத்தில் நல்ல சேர்ட் போட்டு, அன்றிரவு நானே மீன்குழம்பு வைத்துக் கொடுத்து அசத்துவதாகத் திட்டம் போட்டு, அம்மா கட்டித் தந்த தூள், தேங்காய்ப்பால், பழப்புளி எல்லாவற்றையும் ஒரு பையில் காவிக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மாரித் பனிச்சறுக்க வெளிக்கிட்டுவிட்டாள். "நீங்கள் தனியாக் கதைச்சுப் பழகுங்கோவன்" என்றாள். அவளுடைய அப்பா தோர்ஸ்தைன் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அதிகம் கதைக்காத மனிதர். என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மேசையில் பழைய பத்திரிகைகளை விரித்து, அதன்மேல் ஒரு நீளமான துவக்கைக் கழற்றி வைத்திருந்தார்.

(துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். வேலையிடத்தில் இருக்கும் கோயம்புத்தூர் நண்பரிடம், "மாமா துவக்கைத் தந்தார்" என்று இந்தக் கதையை ஆரம்பித்தபோது, "எதைத் துவக்கச் சொன்னாருங்க?" என்று கேட்டார். இன்னொன்றும் சொல்லவேண்டும். இனி வருகிற பேச்செல்லாம் நோர்வேஜிய மொழியில் நடந்தது. ஆனால் நான் எழுதினால் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர் ஆகிவிடுகிறார்கள்.)

"இது ஜெர்மன்காரன்ரை துவக்கு," என்றார் தோர்ஸ்தைன். "சண்டை முடிஞ்சு அவங்கள் சரணடைஞ்ச நாள், என்ரை அப்பா தனியாப் போய், ஒரு ஜெர்மன்காரன்ரை கையிலையிருந்து பறிச்சது."

சொல்லும்போது அவருடைய குரல் மாறியது. அந்தத் துவக்கை ஒரு சின்னப் போர்க்கால அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் போவதாகவும், கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே தன் அப்பாவின் பெயரைப் போடுவார்கள் என்றும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. அது அசலா என்று பார்க்க ஒரு நிபுணர் இன்று மத்தியானம் வருகிறார். "எக்தே," என்றார் தோர்ஸ்தைன். நோர்வேஜிய மொழியில் அசல் என்பதற்கு அதுதான் சொல். "எக்தே எண்டு அவ சொன்னால் காணும். அப்பாவின்ரை பேர் நிக்கும்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீர் சிறிலங்கா ஆள். உமக்கு இதுகள் நல்லாத் தெரிஞ்சிருக்குமே?"

இந்த இடத்தில் ஒரு மானமுள்ள மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் பிறந்தது பாட்ஸ்பியோர்ட்டில். வடதுருவத்துக்குக் கிட்ட இருக்கும் மீன்பிடி ஊர். அப்பாவும் அம்மாவும் அங்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினார்கள். நான் கண்ணால் கண்ட மிகப் பயங்கரமான ஆயுதம் அம்மாவின் மீன்கத்தி.

ஆனால் நான் என்ன செய்தேன்? யன்னலுக்கு வெளியே பனியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட்டேன். "ஓம்," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இன்னும் நன்றாக வேலை செய்தது. அவர் என் தோளில் கையை வைத்தார்.

"அப்ப இதை ஒருக்காத் துடைச்சு, கொஞ்சம் எண்ணெய் பூசிவிடும். அவவின்ரை கார் வந்து நிக்க நான் வாசல் பனியை வழிச்சுப்போட்டு வாறன்."

பனி அள்ளுகிற சவளையும் எடுத்துக்கொண்டு அவர் வெளியே போனார். யன்னலுக்கு நேரே நின்றுதான் வழித்தார். பக்கத்து அறையில் அவருடைய மனைவி பெரித் இருந்தார். துவக்கும் நானும் தனியாக நின்றோம்.

துவக்கு எனக்கு ஊத்தையாகத் தெரிந்தது. இரும்பெல்லாம் மங்கிப்போய்க் கறுப்பும் மண்ணிறமுமாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு இடத்தில் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ற் வேறு. இதையா நிபுணருக்குக் காட்டுவது? முதல்நாள் மாப்பிள்ளை, கையில் கிடைத்த முதல் வேலை. வெறுமனே துடைத்ததோடு விட்டால் யாருக்குத் தெரியும், நான் கெட்டிக்காரன் என்று? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கறள் பிடிச்ச பழைய இரும்புச் சாமானை என்னெண்டு மினுக்கிறது?"

(துவக்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த ரயிலில் வந்து என்னைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பா.)

"அவையின்ரை வீட்டிலை போன உடனை வேலை செய்யிறியோ? நல்லது. இஞ்சை ஒரு கோப்பை கழுவமாட்டாய்," என்றா அம்மா. "பழப்புளியைக் கரைச்சுப் பூசி, ஊறவிட்டு, சாம்பல் போட்டுத் தேய். குத்துவிளக்கு மாதிரி மினுங்கும்."

பழப்புளி பையில் இருந்தது. சாம்பலுக்குப் பெரித்திடம் போனேன். அவர்களுடைய வரவேற்பறையில் விறகு அடுப்பு ஒன்று உண்டு.

"சாம்பல் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"எங்கடை முறை," என்றேன்.

அவ்வளவுதான். நோர்வேக்காரரிடம் எங்கடை முறை என்று சொல்லிவிட்டால் பிறகு கேள்வியே இல்லை. மரியாதையாக ஒரு கிண்ணம் நிறையச் சாம்பல் அள்ளித் தந்தார்.

பூசினேன். ஊறவிட்டேன். சட்டி தேய்க்கிற கம்பியால் தேய்த்தேன். முதலில் மண்ணிறம் போனது, பிறகு கறுப்புப் போனது, உள்ளே இருந்து வெள்ளி போல இரும்பு வந்தது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம். யன்னல் வழியாகத் தோர்ஸ்தைன் நிமிர்ந்து பார்த்தபோது பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் காட்டினார். அந்தத் தடித்த பெயின்ற்தான் லேசில் விடவில்லை. அதற்குக் கத்தி முனையால் சுரண்டி, இன்னும் கொஞ்சம் புளி போட்டு அமத்தித் தேய்க்க, அடியில் இருந்து எழுத்துகள் வந்தன. ஹோ, ஏ, ஆர். HÆR. "ஹேர்" என்றால் இராணுவம். துவக்கிலேயே இராணுவம் என்று எழுதியிருக்கிறதே, இதைவிட அசலுக்கு வேறு அத்தாட்சி என்ன வேண்டும் என்று எனக்கு நானே கைலாகு கொடுக்காத குறை.

நிபுணர் ஹில்டே அறுபது வயதுப் பெண்மணி. சின்ன உருவம், மெல்லிய குரல். தோர்ஸ்தைனோடு உள்ளே வந்தவர், பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து ஒரு கையில் போட்டார். மேசையைப் பார்த்தார். மற்றக் கையுறையைப் போடவில்லை. மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"கொஞ்சம் தண்ணி தாறியளோ?" என்றார்.

நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஆர் இதைச் செய்தது?" என்று கேட்டார். நான் பெருமையாகக் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் கையை உயர்த்தியது கிடையாது.

"இந்தக் கறுப்பு நிறம்," என்றார் ஹில்டே, "தொழிற்சாலையிலை போட்டது. ஒரு துவக்கு அசலோ எண்டு பாக்கிறதே அந்த நிறத்தையும், முத்திரையையும், இலக்கத்தையும் வைச்சுத்தான். எண்பது வருசம் அது இதிலை இருந்தது."

மேசையில் கிடந்த கம்பியை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். தோர்ஸ்தைன் கையில் சவளோடு அப்படியே நின்றார். சவளில் இருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

"ஆனால் இஞ்சை பாருங்கோ," என்று நான் அவசரமாக எழுத்தைக் காட்டினேன். "இராணுவம் எண்டு இருக்கு. அசல்தானே?"

ஹில்டே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "தம்பி, நீர் எங்கை படிச்சனீர்?" என்று கேட்டார்.

"இஞ்சை. ஒஸ்லோவிலை."

"அப்ப இந்த நடு எழுத்து எந்த மொழியிலை இருக்கு?"

Æ. அந்த எழுத்தை எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே படிப்பித்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் அது இல்லை. அது எங்கள் எழுத்து. நோர்வே எழுத்து.

ஹில்டே தோர்ஸ்தைனைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார், இன்னும் மெல்லிய குரலில். சரணடைந்த ஜெர்மன்காரரின் துவக்குகளை எல்லாம் நோர்வே இராணுவம் எடுத்துக்கொண்டது. தன் முத்திரையைக் குத்தியது, புது இலக்கம் போட்டது, பிறகு ஊர்க்காவல் படைக்காரருக்குக் கொடுத்தது. இது அப்படி வந்த துவக்கு. "அந்த நாளிலை உங்கடை அப்பா இதை ஒருத்தனிட்டையும் பறிச்சிருக்க ஏலாது."

"அப்ப இந்த முத்திரைக்கு மேலை பெயின்ற் அடிச்சது ஆர்?" என்று கேட்டார் தோர்ஸ்தைன்.

ஹில்டே பூதக்கண்ணாடியைப் பைக்குள் வைத்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் போல இருந்தது. நிறத்தை அழித்தது ஒன்று. ஆனால் அறுபது வருடமாக ஒரு மகன் நம்பியதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிட்டேனே! அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் பெரித் சமையலறை வாசலில் நின்று சொன்னார். "மாமா, உங்கடை அப்பா, எனக்குச் சொன்னவர், ஆசுப்பத்திரியிலை, கடைசி நாட்களிலை. சண்டைக் காலத்திலை அவர் பால் வண்டி ஓட்டினவர். ஜெர்மன்காரரைக் கண்டால் பயத்திலை வண்டிக்குப் பின்னாலை ஒளிக்கிறவராம். நீங்கள் சின்னப் பெடியனா இருக்கேக்கை, 'சண்டையிலை என்ன செய்தனீங்கள்' எண்டு கேட்டியளாம். அவர் ஊர்க்காவல் படையிலை தனக்குத் தந்த துவக்கைக் காட்டினவர். நீங்கள் போய்ப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள். அதுக்குப் பிறகு அவராலை திருத்த ஏலேல்லை."

தோர்ஸ்தைன் சவளைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "நீராவது சண்டையைப் பாத்தனீர்தானே?"

அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு உண்மையாவது தேவைப்பட்டது.

"இல்லை," என்றேன். "நான் பாட்ஸ்பியோர்ட்டிலை பிறந்தனான். சண்டைக்குள்ளாலை வந்தது அம்மாவும் அப்பாவும். நான் இண்டைக்குத்தான் துவக்கை முதல்முதல் தொட்டனான்."

அவர்கள் பட்டதை நான் என் சேர்ட்டில் பதக்கமாகக் குத்திக்கொண்டு போயிருந்தேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே வெட்கம் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மாரித் வந்தாள், கன்னம் சிவந்து, காலில் சறுக்குச் சப்பாத்தோடு. மேசையில் பளபளவென்று மினுங்கும் துவக்கு. அதைச் சுற்றிப் புளியும் சாம்பலும். நாலு பேரும் இழவு வீடு போல நின்றோம்.

"என்ன, ஆர் செத்தது?" என்றாள்.

"அப்பப்பாவின்ரை ஜெர்மன்காரன்," என்றார் பெரித்.

முதலில் சிரித்தது தோர்ஸ்தைன்தான். அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. கதிரையில் இருந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "பால்காரன்," என்றார். "பாவம் அப்பா. பால்காரன் எண்டு சொல்லியிருந்தாலும் நான் பெருமையாத்தானே சொல்லியிருப்பன்." பிறகு என்னைப் பார்த்து, "மீன்குழம்புக்குப் புளி மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கவில்லை. புளி இல்லாத மீன்குழம்பை ஹில்டே உட்பட எல்லோரும் அன்றிரவு சாப்பிட்டார்கள்.

அருங்காட்சியகம் துவக்கை எடுக்கவில்லை. அது இப்போதும் தோர்ஸ்தைனின் பூட்டிய அலுமாரியில் மினுங்கிக்கொண்டு இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் போட எழுதி வைத்திருந்த பெயர்த்தகட்டை அவர் வீசவில்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே "பால்காரர்" என்று சேர்த்து, பால் வண்டியோடு அவர் நிற்கும் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். எங்கள் கலியாண விருந்தில் பேச எழும்பியபோது, நோர்வேஜிய மொழியில் கணவனுக்கு "எக்தேமான்", அதாவது அசல் மனிதன், என்று பெயர் என்பதை எல்லோருக்கும் நினைவூட்டி, "இந்த வீட்டிலை எக்தே எண்டு சோதிச்சு நிக்கிற ஒரே பொருள் இவர்தான். அதுவும் தானே தன்னைச் சுரண்டிக் காட்டினபடியால்" என்றார். அம்மா ஒன்றும் விளங்காமல் கைதட்டினா.

போன மாதம் என் மகள், ஐந்து வயது, தோர்ஸ்தைன் வீட்டு மேசையில் வைத்து என்னைக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் சின்னனிலை என்ன செய்தனீங்கள்? பயமில்லாத ஆளோ?"

நான் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தேன். ஒரு பெருமூச்சு விட ஆயத்தமானேன்.

தோர்ஸ்தைன் சாப்பாட்டில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை மட்டும் சொன்னார்.

"பழப்புளி."

"இல்லை பிள்ளை," என்றேன். "எனக்கு மீனுக்கே பயம்."