தனம் பெரியம்மாவுக்கு நான் கொடுக்காத பவுல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்தது சரி. இதை என் மனைவி சுமதி படிப்பாள், அவள் தம்பி பாலு படிப்பான், பிறகு மாமியாருக்கு அவனே சத்தமாகப் படித்தும் காட்டுவான் (என்னைப் போல் மூக்கால் பேசி). கடைசி வரியிலாவது மன்னிப்பு வரும் என்று மூவரும் காத்திருப்பார்கள். வராது. முத்தியால்பேட்டையில் பட்டப்பகலில் அத்தனை பேர் முன்னால் என் மானம் போனது உண்மைதான். மானம் போனவன் தப்புச் செய்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லையே.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் மாணவர்களிடம் "பேசாதீங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, மாலையில் பேசவே தெரியாத ஜீவன்களின் எதிரே வந்து உட்காருகிறேன். வீட்டில் கூடத்தில் ஒரு மீன் தொட்டி, படுக்கையறையில் ஒன்று, பூஜை அறைக்குப் பக்கத்தில் ஒன்று (அதற்கு மட்டும் மாமியார் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை). எங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு வளர்ப்பு மீன் கடை பாண்டிச்சேரியில் இல்லை என்பது என்னைப் போன்றவர்களின் நீண்ட நாள் புலம்பல். சென்னைக்குப் போய், காற்றடைத்த பாலிதீன் பையில் மீனை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவோம். பக்கத்து சீட்டுக்காரர் பையை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சின்னதா இருக்குதே, கொழம்புக்கா, வறுவலுக்கா?" என்று கேட்பார்.

இந்தப் புலம்பலுக்காகவே எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. 'புதுவை மீன் பிரியர்கள்' என்று பெயர். (பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்ட ஒருவர் தினமும் காலையில் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்கிறார். அவரை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை.)

பாலு அப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்பு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் தூங்கவும் முடியாமல், இரவில் விழித்திருக்கவும் முடியாமல் ஆள் பாதியாகியிருந்தான். ஒருநாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னான்:

"மாமா, வேலைய விட்டுட்டேன். மீன் கடை வெக்கப்போறேன். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு என்னா வேணும்னு சொல்லுங்க, அப்படியே வெச்சுடறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. மிக்ஸி வாங்கியபோதுகூடக் கேட்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் இடது கையாலேயே குழுவில் செய்தி போட்டேன். குழு கொந்தளித்தது. சாயம் ஏற்றிய மீன் கூடாது என்றார்கள். நோய் வந்த மீனைத் தனித் தொட்டியில் வைத்து, நோய் என்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார்கள். பாட்டுப் போடக் கூடாது, கண்ணாடியை விரலால் தட்டுகிறவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் குழுவில் மூத்தவர். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதைப் போல முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் குரல் பதிவே அனுப்பினார்: "கலர் கல்லு இருந்துச்சுன்னா நான் உள்ள வரவே மாட்டேன். ழமே!" (பிரெஞ்சில் அதற்கு 'ஒருக்காலும் மாட்டேன்' என்று பொருள்.)

என் சார்பில் நான் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தக் கடையில் பவுல் விற்கக் கூடாது. உருண்டையான கண்ணாடிப் பவுலில் இரண்டு தங்க மீனைப் போட்டு டிவி மேல் வைக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். தங்க மீன் உள்ளங்கையைத் தாண்டி வளரக்கூடியது. நன்றாகத் தின்னும், தின்றதற்கு ஏற்ப அசுத்தமும் செய்யும். ஃபில்டர் இல்லாத அந்தத் துளித் தண்ணீரில் அதன் கழிவே அதற்கு விஷம். கொஞ்ச நாளில் மல்லாந்து மிதக்கும். வீட்டுக்காரர்கள் "ராசி இல்ல" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வாங்கி வந்து போடுவார்கள். இதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்போதும் கொதிக்கிறது, பாருங்கள்.

"சரி மாமா, பவுல் கெடையாது" என்றான் பாலு.

முத்தியால்பேட்டையில் கடை தயாரானது. நாங்கள் கேட்டபடியே நிஜச் செடிகள், கறுப்பு மணல், வாதாம் இலை போட்டு ஊறவைத்த தண்ணீர். அந்த இலை மீனுக்கு நல்லது. ஆனால் தண்ணீரை டீ நிறத்துக்கு மாற்றிவிடும். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, தொறக்கறதுக்கு முந்தியே தொட்டியெல்லாம் அழுக்காயிடுச்சா?" என்றார். அவருக்கு என் யோசனைகள் மேல் நம்பிக்கை இல்லை. அவருடைய நம்பிக்கை முழுவதும் தனம் அக்கா மேல் இருந்தது.

தனம் அக்கா, மாமியாருக்கு ஒன்றுவிட்ட அக்கா. சுமதிக்கும் பாலுவுக்கும் பெரியம்மா. மீன்பிடி ஊரான வீராம்பட்டினத்துக்காரர். கைராசி என்றால் அவர் கைதான். அவர் முதல் போணி செய்த கடை எதுவும் இதுவரை படுத்ததில்லை என்பது குடும்பத்தின் திடமான நம்பிக்கை. செல்போன் கடை, டிபன் கடை, வளையல் கடை என்று எங்கே திறப்பு விழா என்றாலும் அவரைத்தான் முதலில் அழைப்பார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை. எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. (அன்றைக்கு எங்கேயோ ஒரு ஸ்வீட் கடைக்குப் போணி.) அவ்வளவு பெயர் பெற்ற அம்மாள் பட்டுப்புடவையும் தடித்த சங்கிலியுமாக, கூட ஆள் வைத்துக்கொண்டு வருவார் என்று நானாகவே கற்பனை செய்துவைத்திருந்தேன்.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடும், அதற்குள் போணி ஆகிவிட வேண்டும். மாமியாரையும் சுமதியையும் கோயிலில் இருந்து அழைத்துவரப் பாலு கிளம்பினான்.

"மாமா, செத்த நேரம் கல்லாவுல உக்காருங்க. யாரு வந்தாலும் உக்கார வெச்சுக் கல்கண்டு குடுங்க. எதையும் வித்துடாதீங்க. போணி தனம் பெரியம்மாதான்."

கவனியுங்கள்: எதையும் விற்காதே என்பது அவன் எனக்கு இட்ட கட்டளை. இதை நான் இன்றுவரை ஆயிரம் தடவை எடுத்துச் சொல்லிவிட்டேன்.

குழுவினர் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள். முசியே ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது, வெளுத்துப்போன நூல் புடவையில், ஒரு கையில் குடையும் மறுகையில் மஞ்சப் பையுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்தார். தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராகக் கல்லாவுக்கு வந்து, அங்கிருந்த கல்கண்டுப் பாத்திரத்தைத் தட்டினார்.

"தம்பி, இந்தப் பவுலு ஒண்ணு குடு. ரெண்டு தங்க மீனு போட்டுக் குடு. பேரனுக்கு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கல்கண்டு இருந்தது பவுலில்! கல்லாவுக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறைய பவுல்! பாலு என் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறான். அவன் மேல் வந்த கோபம் முழுவதும் அந்த அம்மாள் பக்கம் திரும்பியது.

"பவுல் விக்கறதில்லம்மா. அதுல மீன் வாழாது."

"ஏன் வாழாது? தண்ணி ஊத்துனா வாழப்போவுது."

"வாழாது. செத்துடும்."

"யப்பா, நான் பொறந்தது வளந்தது எல்லாம் வீராம்பட்டினம். எனக்கே மீனப் பத்திச் சொல்றியா?"

"நீங்க புடிக்கிற மீனப் பத்திச் சொல்றீங்க. நான் வளக்கிற மீனப் பத்திச் சொல்றேன்."

முசியேவும் மற்றவர்களும் அருகில் வந்து நின்றார்கள். ஆட்கள் கூடினால் எனக்குக் குரல் ஏறும். நூலகத்தில் அடக்கிவைத்த குரல் எல்லாம் சேர்ந்து வந்தது.

"உங்கள ஒரு பாத்ரூம்ல போட்டு, கதவ இழுத்துப் பூட்டிட்டு, தெனமும் ஜன்னல் வழியா சோறு மட்டும் போட்டா இருப்பீங்களா? கழுவவும் விடமாட்டேன். இருப்பீங்களா, சொல்லுங்க!"

குழு கைதட்டியது. "பிராவோ!" என்றார் முசியே. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முடிவா தரமாட்ட?"

"தரமாட்டேன்."

"சரி" என்றார். பவுலில் இருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் பாலுவும் சுமதியும் வந்தார்கள். பின்னாலேயே மாமியார், ஆரத்தித் தட்டோடு. "அக்கா எங்க? அப்பவே ஆட்டோ ஏறிட்டாங்கன்னு போன் வந்துச்சே. கொடையும் மஞ்சப் பையுமா இருப்பாங்களே, பாக்கலையா மாப்ள?"

குழுவினர் எல்லோருக்கும் திடீரென்று செடிகளின் மேல் ஆர்வம் வந்துவிட்டது. முசியே மட்டும் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "பாத்ரூம்ல போட்டுப் பூட்டறேன்னு சொன்னீங்களே, அந்த அம்மாவா?"

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். சுமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பாலு கத்தவில்லை. "மாமா, மறுபடி என்னை நைட் ஷிப்டுக்கே போவச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டான். அது வலித்தது. கைராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுக்கு இருந்தது. முதல் நாளே இது உடைந்துபோனால், விற்காத ஒவ்வொரு நாளும் அவனுக்கு இதுதான் ஞாபகம் வரும். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கடையில் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருந்தார் தனம் பெரியம்மா.

"இத்தினி வருசத்துல என்னை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ அதிசயத்தைப் பார்த்தவர் மாதிரி சொன்னார்.

"உங்கள வேணாம்னு சொல்லலங்க. பவுலத்தான் சொன்னேன்."

"பவுலும் ரெண்டு மீனும் குடு. வரேன்."

போன் அடித்தது. மாமியார். "குடுத்துத் தொலைங்க மாப்ள! மணி ஆவுது!" கடைக்காரர் உட்பட அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. இரண்டே இரண்டு மீன். கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எந்த மனுஷனும் கொடுத்திருப்பான்.

"பவுல் தரேன்" என்றேன். "மீன் தரமாட்டேன்."

சர்பத் அவருக்குப் புரையேறியது. "மீன் கடையில மீன் இல்லாம போணியா!" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "காசு கை மாறணும், பொருளு கை மாறணும். அவ்ளோதான போணி? வண்டிய எடு."

குடையை விரித்தபடியே என் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அது காற்றில் எங்கள் இருவரையும் பின்னுக்கு இழுக்க இழுக்க, முத்தியால்பேட்டையே பார்க்கக் கடைக்குத் திரும்பினோம். பாலு அவசர அவசரமாகக் கல்கண்டைத் தட்டில் கொட்டிவிட்டுப் பவுலைத் துடைத்துக் கொடுத்தான். அவர் கொடுத்த பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மாமியார் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில், தனம் பெரியம்மா அந்தக் காலிப் பவுலை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ள, இது உனக்குத்தான். உள்ள போய் உக்காந்துக்க. சோறு நான் போடறேன்."

முதலில் சிரித்தது சுமதி. பிறகு மாமியார், பாலு, வாசலில் நின்ற பூக்காரி எல்லோரும். "பிராவோ!" என்றார் முசியே, இம்முறை தனம் பெரியம்மாவுக்கு.

கடை நன்றாக ஓடுகிறது. தனம் பெரியம்மாவின் கை என்கிறார் மாமியார். ஒரு மீனையும் பொய் சொல்லி விற்காததால் என்கிறேன் நான். எங்கள் குழு தினமும் மாலையில் அங்கே கூடுகிறது. குறை சொல்கிறோம், டீ குடிக்கிறோம், ரொம்ப அபூர்வமாக ஒரு செடி வாங்குகிறோம். எங்களைப் போன்றவர்களுக்குக் கடையில் உண்மையில் வேண்டியது உட்கார்ந்து பேச ஒரு ஸ்டூல்தான் என்று பாலு கண்டுபிடித்துவிட்டான். போட்டும் கொடுத்துவிட்டான். பவுலை மணி பிளான்ட் வைக்கத்தான் விற்கிறேன் என்று சத்தியம் செய்கிறான். தனம் பெரியம்மாவின் பேரன் இப்போது கோழி வளர்க்கிறான், அது சௌக்கியமாக இருக்கிறது.

அன்றிலிருந்து பொங்கல், தீபாவளி, கல்யாண நாள் எதுவானாலும் மனைவி வீட்டார் எனக்குக் கொடுக்கும் பரிசு பவுல்தான். ஒன்றில் வண்டிச் சாவி, ஒன்றில் புளி, ஒன்றில் ரப்பர் பேண்ட். முதல் பவுலில் மட்டும் கல்கண்டு. தனம் பெரியம்மா எப்போது வீட்டுக்கு வந்தாலும் ஒவ்வொரு பவுலாக எட்டிப் பார்ப்பார்.

"இன்னுமா மீன் உடல?"

"உட மாட்டேன்."

"சரி" என்று சொல்லி, ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.