கயிற்றை விட்ட சித்தம் அண்ணன்

வழி தவறியவர்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும் சித்தம் அண்ணனை மட்டும் மறு தட்டிலும் வைத்தால், அண்ணன் தட்டுத்தான் தரை தட்டும். மதுரைக்குத் தெற்கே அவர் போய்ச் சேராத ஊர் கிடையாது. போக நினைத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்ததுதான் அபூர்வம்.

அவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தின் வண்டிக்காரர். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பள்ளிக்கூடம்; நான் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போய்வரும் உதவி உபாத்தியாயர். என் வம்சத்தில் முதன்முதல் எழுத்துப் படித்தவன் நான். எதையும் நேரத்துக்குச் செய்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அப்படிப்பட்டவனைப் பார்த்து ஆண்டவர் அந்த வண்டியில் ஏற்றினார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். அச்சு முறிந்தால் கர்த்தர் சித்தம் என்பார். மழை பெய்தால் சித்தம், பெய்யாவிட்டாலும் சித்தம். குழம்பில் உப்புக் கூடினாலும் அதுவே. ஊர் அவருக்குச் சித்தம் என்றே பெயர் வைத்துவிட்டது.

சாலை இரண்டாகப் பிரியும் இடம் வந்தால், அண்ணன் கயிற்றை மாடுகளின் முதுகில் போட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொள்வார். மாடுகளுக்கு மோசே, ஆரோன் என்று பெயர். இஸ்ரவேல் ஜனங்களையே நடத்திப்போனவர்களின் பெயர்கள். ஆனால் இவை இரண்டும் எங்களை நடத்திப்போனது பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு வைக்கோற்போருக்கு.

"அண்ணே, இடப்பக்கம் போகணும்ணே."

"ஆபிரகாம் வழி கேட்டுக்கிட்டா தம்பி வீட்ட விட்டுக் கெளம்புனாரு?"

"அவருக்குப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடம் தொறக்க வேண்டியதில்லையேண்ணே!"

"படிச்ச புள்ளையில்ல, அதான் இம்புட்டு அவசரம்."

ஒரு தடவை மிஷன் துரை பக்கத்து ஊர்ச் சபையில் பிரசங்கம் செய்ய என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் மோசேக்குப் புண்ணாக்கு வாசனை எட்டிவிட்டது. துரை போய் இறங்கிய இடம் ஒரு செக்கடி. மனிதர் சளைக்காமல் அங்கேயே பிரசங்கத்தைத் தொடங்கினார். செக்குக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முடியும்வரை மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க தொரை, புண்ணாக்கு எம்புட்டு வேணும்?" என்றார். திரும்பும் வழியில் அண்ணன் என் காதருகே சொன்னார்: "பாத்தியா தம்பி, செக்கடியில ஒரு ஆத்துமா காத்துக் கெடந்திருக்கு."

மதுரைச் சாலையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குப் பிரியும் முக்கில் ராவுத்தர் ஒருவர் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் வண்டி தெரிந்தாலே வேடிக்கை பார்க்க எழுந்து நிற்பார்.

"என்னா சித்தம், இன்னைக்கு எந்தப் பக்கம் உத்தரவு?"

"என்னைய ஏன் ராவுத்தரே கேக்குறீரு? முன்னால போறவுகளக் கேளும்."

"யா அல்லா, இந்தாளுக்கு ஒரு வழியக் காட்டு!"

எங்கள் சபைக் கோயிலில் அவர் கூத்து வேறு விதம். பரமண்டல ஜெபத்தில் 'உம்முடைய சித்தம் பூமியிலேயும் செய்யப்படுவதாக' என்ற வரி வரும்போது, சபைக்கு அரை மூச்சு முந்தி, மாட்டை அதட்டும் குரலில் அவர் சொல்லிவிடுவார். அவரைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பின்னால் ஓடுவோம். போதகர் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்: "சபையோட சேந்து வாருமய்யா. ரேக்ளா பந்தயமா நடக்குது?"

"அந்த எடம் வந்தா நெஞ்சு நிக்கமாட்டேங்குதுங்கய்யா."

வண்டி ஒழுங்காக ஊர்போய்ச் சேர்ந்ததெல்லாம் அவர் மகள் எஸ்தர் கூட வந்த நாட்களில்தான். பதினாலு வயது, தாயில்லாத பிள்ளை. முக்கு வந்ததும் அவர் போட்ட கயிற்றை அவள் எடுத்துக்கொள்வாள். "மாட்ட நீ ஓட்டலப்பா, மாடுதான் உன்னைய ஓட்டுது" என்பாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

ஒரு கோடையில் எங்கள் ஊருக்கு வாந்திபேதி வந்தது. விடிந்தபோது எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டினோம். வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தேன். அண்ணன் வழியெல்லாம் முணுமுணுவென்று ஜெபித்தார். முக்கு வந்தது. பழக்கதோஷத்தில் கயிறு அவர் கையை விட்டு நழுவியது.

"அப்பா" என்றாள் எஸ்தர். காற்றுப் போன குரல். "கயித்தப் புடிப்பா."

பிடித்தார். அந்த இடத்தில் அவர் கயிற்றை இழுத்தது அதுதான் முதல் தடவை. எஸ்தரின் கைக்குப் பழகிய மாடுகளுக்கு அவருடைய இழுப்பு விளங்கவேயில்லை. மோசே திருப்பரங்குன்றத்துப் பக்கம் திமிறியது. ஆரோன் நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணன் சாட்டையைத் தேடினார். அந்த வண்டியில் சாட்டை என்றுமே இருந்ததில்லை. கீழே குதித்து மோசேயின் மூக்கணாங்கயிற்றைப் பற்றி இழுத்தார். ராவுத்தர் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து ஆரோனைப் பிடித்தார்.

"நட சித்தம், நட! புள்ளையப் பாக்காத, ரோட்டப் பாத்து நட!"

இருவரும் அப்படியே ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தார்கள்.

விளக்கு வைப்பதற்குள் எஸ்தர் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் சித்தம்ணே" என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? அவரிடம் கற்ற வார்த்தைதானே. அவர் அதைத் தெரியாத பாஷை கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தார். ஜெபம் அந்த வரிக்கு வந்தது. அவர் வாய் மூடியிருந்தது. அவருக்குப் பின்னால் ஓடியே பழகிய சபை நாங்கள்; முந்துகிற குரல் இல்லாமல் எல்லோரும் அங்கேயே தடுக்கி நின்றோம். போதகர்தான் தனியாக எங்களை இழுத்துக்கொண்டு போனார். வாராவாரம் இதே கதை.

வண்டியிலும் அவர் இப்போது கயிற்றை விடுவதில்லை. மணியடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அந்த ஒழுங்கைப்போல என்னை வாட்டியது வேறொன்றுமில்லை. ராவுத்தரும் கேலி பேசுவதை விட்டுவிட்டார். வெற்றிலையை நீட்டுவார், இவர் வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஜெபத்துல அந்த எடத்துல மட்டும் ஏண்ணே..."

"பொய் சொல்லச் சொல்றியா தம்பி? அன்னைக்கு வழியெல்லாம் நான் கேட்டது என் சித்தம். இன்னமும் அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். வாயி மட்டும் வேற சொன்னா அவருக்குத் தெரியாதா?"

"அப்பறம் கோயிலுக்கு வாரது?"

"கோவிச்சுக்கிட்டு எங்க போறது? வேற போக்கிடம் இருக்கா?"

அறுப்பின் பண்டிகை கழிந்து, மழையும் பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு. வழக்கம்போல் அந்த வரியில் தடுக்கினோம், சொன்னோம், தாண்டி, ஆகாரத்தைக் கேட்கும் அடுத்த வரிக்குப் போய்விட்டோம். அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் வந்தது. அதட்டல் இல்லை. சுமையை இறக்க ஆளில்லாதவர் தானே மெல்ல இறக்கிவைப்பதுபோல, சொல் சொல்லாக, தாண்டிவந்த வரியை அவர் சொன்னார். போதகர் ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதுரைக்குப் போனோம். முக்கில் கயிற்றை விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. நான் கேட்காமலே, "எஸ்தர் புடிக்கச் சொன்னாளே" என்றார்.

அன்றிலிருந்து அந்த வரியில் அவர் சபைக்குப் பின்னால்தான் வருகிறார். நான் இப்போது பேரையூர்ப் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். இங்கே எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லி முடிக்கிறார்கள். நான் மட்டும் அந்த வரி முடிந்ததும் சற்று நின்றுவிட்டுத்தான் ஆகார வரிக்குப் போகிறேன். அண்ணன் வந்து சேரட்டும்.