பழைய மாத்திரை முதலில்

"அப்ப இத எங்கன போடச் சொல்ற?"

சீனிவாசகம் மாமா பிஸ்கட் டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டபோது படித்த பாடத்தையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தவளையின் இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேட்டார்களே தவிர, தேதி முடிந்த மாத்திரையை எங்கே போடுவது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

பதில் இருக்கட்டும். முதலில் மாமாவின் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். இந்த இனத்துக்கு 'மருந்தை வீணாக்காதவர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பட்டாசு செய்யும் எங்கள் விஸ்வநத்தத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. உங்கள் ஊரில் கிடையாதா? சரி, மேலே வாசியுங்கள்.

இவர்களுக்குக் காய்ச்சல் வரும், டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதுவார், இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மிச்சம் மூன்று நாள் மாத்திரை டப்பாவுக்குள் போகும். அங்கே ஏற்கெனவே பேரன் பாதி குடித்த இருமல் மருந்தும், மூடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கும் காது மருந்தும், எந்த நோய்க்கு வாங்கினோம் என்று நோயாளிக்கே மறந்துபோன பச்சை மாத்திரைகளும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். உள்ளே போனது வெளியே வராது. வந்தால் அடுத்த வீட்டு முத்துப்பாண்டி மாதிரி ஒருவர் வாய்க்குள்தான் போகும்.

"ஏலே முத்துப்பாண்டி, தலவலியா? இந்தா, இந்த ரோஸ் கலர்ல ஒண்ணு போடு."

"என்ன மாத்திரை மாமா இது? பேரு என்ன?"

"பேரு எதுக்குலே? பொண்ணு கேக்கவா போற?"

தேதியைப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதி அச்சடித்த ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும்.

மாமா இந்த இனத்தில் தனி ரகம். முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அவருக்குப் பட்டாசின் தம்பிதான். நமுத்த வெடியை வெயிலில் காய வைத்தால் வெடிக்கும். அப்படியானால் நாள்பட்ட மாத்திரை? அதையும் காய வைக்க வேண்டியதுதானே!

மழைக்காலம் முடிந்ததும் மொட்டைமாடியில் ஓலைப்பாய் விரித்து, அட்டைகளை வரிசை வரிசையாகப் பரப்பி, காக்கை விரட்ட ஒரு குச்சியோடு உட்கார்ந்துவிடுவார். வீதியில் போகிறவர்களுக்கு மாமா வீட்டு மாடி வெள்ளிக்கூரை மாதிரி மின்னும். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய வந்த முனியராஜ் பீடியோடு படியேறினார்.

"ஏலே, அணைச்சுட்டு வா! சரக்கு காயுது தெரியலையா?"

"மாத்திரைதான மாமா?"

"மருந்துன்னா மருந்துதாம்லே!"

இத்தோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மாமாவிடம் ஒரு குடோன் சட்டம் இருந்தது: பழைய சரக்கு தீர்ந்த பிறகுதான் புதிய சரக்கைத் தொட வேண்டும். இந்தச் சட்டத்தில் மாட்டியவர் அவர் மனைவி பாண்டிலட்சுமி அத்தை.

அத்தைக்கு ஆறு வருடமாக பிரஷர். நர்ஸ் இசைவாணி மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பார். மாமாவின் அண்ணனுக்கும் பிரஷர் இருந்தது. அவர் இறந்த பதினாறாம் நாள் மற்றவர்கள் பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக்கொண்டிருக்க, மாமா ஒரு மஞ்சள் பை நிறைய மாத்திரையோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அத்தை மாமாவுடைய அண்ணனின் மாத்திரையைச் சாப்பிட்டார். நர்ஸ் கொடுத்த புது மாத்திரை டப்பாவுக்குள் வரிசையில் நின்றது. பழையது தீர்வதற்குள் புதியது பழையதாகிவிடும். நர்ஸ் வந்து அளந்து பார்ப்பார், பிரஷர் குறைந்திருக்காது, இன்னும் ஒரு மாத்திரை கூட்டுவார், டப்பா இன்னும் நிறையும். வீடு நிறைய புது மாத்திரை. அத்தை வாயில் மட்டும் எப்போதும் போன வருடத்து மாத்திரை.

நடுவில், பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் அத்தையின் கண்ணில் புரை விழுந்தது. கண் சிகிச்சை முகாமுக்கு இரண்டு முறை போனார். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முகாமுக்கு நாற்பது நாள் இருந்தது.

"ஏட்டி, வெடிப்பெட்டியில லேபிளத் தலகீழா ஒட்டுறேன்னு சூப்பர்வைசர் வையுறான். இந்தத் தடவையும் ஆபரேசன் இல்லைன்னா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாக," என்று அத்தை சொல்லிக்கொண்டே, அன்றைய மாத்திரை அட்டையைத் தடவித் தடவி என்னிடம் நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு."

பார்த்தேன். அதிசயமாக அதில் தேதி இருந்தது. முடிந்து பதினான்கு மாதம்.

டப்பா முழுவதையும் கொட்டிப் பார்த்துவிட்டு, மாமாவிடம் போய் இதையெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு விடவும் இல்லை.

"சொல்லு தாயி. தீ வைக்கவா? நம்மூருல குப்பைக்குத் தீ வைக்கிற தைரியம் எவனுக்கு இருக்கு? சாக்கடையில போடவா? அது கம்மாய்க்குப் போகும். குழி தோண்டவா? கோழி கிளறும். நீ படிச்ச புள்ள, சொல்லு."

நான் டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அத்தை அப்படி விடவில்லை. மறுநாள் மாமா கல்யாண வீட்டுக்கு வெம்பக்கோட்டை பஸ் ஏறியதும் வாளியில் தண்ணீர் பிடித்தார். அந்த மாதத்து அட்டைகளை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றதையெல்லாம் பிதுக்கி வாளிக்குள் போட ஆரம்பித்தார். என்னையும் உட்கார வைத்தார்.

"என்னத்தே இது?"

"கம்பெனியில கழிவு மருந்த என்ன செய்வாக? தண்ணியில முக்குவாக. நனைஞ்சதத் திரும்பக் காய வைக்கப்படாது. உங்க மாமா முப்பது வருசமாக் கத்துன சட்டம்டி."

சாயங்காலம் திரும்பிய மாமா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் திருவிழா சர்பத் நிறத்தில் இருந்தது. அவருடைய சட்டத்தை அவரே மீற முடியுமா? வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினார்.

"சரி, இந்தத் தண்ணிய எங்கன ஊத்துவ?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

இரண்டு நாள் அந்த வாளி முற்றத்தில் குடியிருந்தது. மேலே தட்டு, தட்டுக்கு மேலே அம்மிக்குழவி. கம்பெனிப் பழக்கம் விடாத மாமா பக்கத்தில் இரண்டு மணல் வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார். தெருக்காரர்கள் அந்தப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் வந்து தட்டைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இதத் தண்ணியில போடச் சொன்னது யாரு? அப்படியே கொண்டாந்து குடுத்திருந்தா ஆஸ்பத்திரிக் கழிவுப் பையில போட்டிருப்பேன்ல? எடுத்துட்டுப் போக வண்டி வருதே!"

"இத்தன வருசமா நீங்க சொல்லலையே நர்சம்மா?" என்றார் மாமா.

"நீங்க கேக்கலையே?"

மணலைக் கொட்டிச் சேறாக்கி, பைக்குள் பை போட்டுக் கட்டினோம். ஆட்டோவில் மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு, மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு அத்தை சாப்பிட்டது அந்தந்த மாதத்து மாத்திரை. முகாமில் பிரஷர் அளந்தவர் இந்தத் தடவை திருப்பி அனுப்பாமல் அத்தையைக் கண் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்று அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். டிவிக்கு மேலே புதிதாக ஒரு டப்பா. உள்ளே ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்து, பாதி பாட்டில்.

"இது என்னதுங்க?"

"நல்ல மருந்து லட்சுமி. அடுத்த கண்ணுக்கு ஆகும்ல?"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது.

சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொண்டே எழுந்துபோய் உங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவுத்தட்டைப் பாருங்கள். போன மழைக்கு வாங்கிய இருமல் மருந்தைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கே" என்று திரும்ப வைத்தீர்களானால், நான் இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எங்கே போடுவது என்று என்னைப் போல் முழிக்காமல், உங்கள் பக்கத்து நர்ஸிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டு இந்தக் கதையை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.

கதையை மட்டும்.