சந்தேகராஜ் அண்ணனும் ஒரு ஜோடி டயரும்

புனே நகரத்தில் சந்தேகராஜ் அண்ணனின் நம்பிக்கையைப் பெற்ற மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. மனிதர் என்ன, பொருளும் கிடையாது. காலையில் வெயில் அடித்தால்கூட, இவ்வளவு சீக்கிரம் ஏன் அடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவார்.

அது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. சாகண் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வைத்த பெயர். வைத்தது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதனால் பஸ்ஸில் வரும் அத்தனை பேர் மேலும் ஒரு கண் வைத்திருந்தார். வேலையும் அவருக்கு வாகாக அமைந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புகிற பிரிவு. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர். வேலை நேரம் முடிந்த பிறகு அதையே இலவசமாகச் செய்தார். யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால், போன வருஷம் ஏன் கொடுக்கவில்லை என்று விசாரிப்பார். டிரைவர் ஒருநாள் வழி மாற்றி ஓட்டினால், வீடு வந்து சேரும்வரை கண்ணை மூட மாட்டார்.

அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து கோர்படியில் தங்கிப்போன குடும்பம். அவர் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் புனேயில்தான். ஆனாலும் பேச்சில் நெல்லை வாசம் போகவில்லை. கடையில் ஆரம்பித்தால் இந்தி, கோபம் வந்தால் மராத்தி, சந்தேகம் வந்தால் தமிழ். ஆகவே பெரும்பாலும் தமிழ்தான்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு பழைய பைக்கால். ஔந்த் பகுதியில் எங்கள் பக்கத்து ஃப்ளாட்காரர் வெளிநாடு போகும்போது, தன் அப்பா வைத்திருந்த மோட்டார் பைக்கை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். மைசூரில் செய்த வண்டி. ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர், மெரூன் நிற டாங்க். கிளப்பினால் மாடி ஜன்னல்களில் தலைகள் முளைக்கும். என் மகளுக்கு அதில் ஏறி ஒரு சுற்று வந்தே ஆக வேண்டும். என் மனைவி வண்டியைச் சுற்றி வந்து, பின் டயரை விரலால் சுரண்டிப் பார்த்தாள். காய்ந்த சேறு மாதிரி ரப்பர் உதிர்ந்தது. டயரை மாற்றாமல் பிள்ளையை இதில் ஏற்றினால், நானும் அந்த வண்டியோடு பார்க்கிங்கிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

டயர்தானே என்று நினைத்தேன். நாலு கடை ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்போது வரும் பைக்குகளுக்கெல்லாம் பதினேழு, பதினெட்டு அங்குலச் சக்கரம். என் வண்டிக்குப் பதினாறு. அந்த அளவில் டயர் வருவதே அபூர்வம். வந்தாலும் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரியாது. ஒரு கடைக்காரர் என்னை மியூசியத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் பஸ்ஸில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இருந்த சந்தேகராஜ் அண்ணன் திரும்பினார்.

"என்ன சைஸு?"

மூன்றேகால் பதினாறு என்றேன். அவர் முகம் என்னவோ போல் ஆனது.

"வியாழக்கெழம நானும் வாறேன்" என்றார். "தனியா போயிராதீரும் வே. தலைல கட்டிருவானுவ."

எங்களுக்கு வியாழன்தான் வார விடுமுறை. புனேயின் நானா பேட்டையில், வாகன உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் இறங்கினோம். முதல் கடைக்காரர், இப்போதுதான் வந்த புதுச் சரக்கு என்று ஒரு டயரை எடுத்து வைத்தார். அண்ணன் அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து முகர்ந்தார். கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்தி, பள்ளம் திரும்ப எழுகிறதா என்று காத்திருந்தார். பிறகு செல்போன் வெளிச்சத்தில், டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் பொறித்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தார். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. இப்போது அவள் ஏழாவது படிக்கிறாள்.

இரண்டாவது கடையில் டயர் பளபளவென்று இருந்தது. அண்ணன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய் தேய்த்தார். கறுப்பு பாலிஷ் கைக்குட்டைக்கு வந்தது. அடியிலிருந்து ஒரு கிழவன் டயர் எட்டிப் பார்த்தது. மேலே இருக்கும் பட்டன் வரிகள் தேய்ந்து மொட்டையான டயரை எடுத்து, கத்தியால் புதிதாகக் கோடு வெட்டியிருந்தார்கள். கைக்குட்டையை மடித்துக் கடைக்காரரின் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். எனக்கு அவர் மேல் பக்தியே வந்துவிட்டது.

மூன்றாவது கடை, எல்லோரும் ஷேட்ஜி என்று கூப்பிடும் ஒரு பெரிய உடம்புக்காரருடையது. நிதானமான மனிதர். அவர் எடுத்து வைத்த டயர் சில மாதங்களுக்கு முன்புதான் செய்யப்பட்டது. அண்ணன் முகர்ந்தார், நகத்தை அழுத்தினார், துணியால் தேய்த்தார், காதோரம் வைத்துத் தட்டிக்கூடப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் வாங்கிவிடலாம் என்று முன்னால் போனேன். அவர் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"ஏன் அண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு கொறையும் இல்ல பாத்தீரா? அதான் இடிக்கி."

பக்தி குறைய ஆரம்பித்தது அங்கேதான்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் இதே கதை. எங்களைத் தெருமுனையில் கண்டதும் ஒரு கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கென்று ஷட்டரை இறக்கினார். அப்போது காலை பத்தரைகூட ஆகவில்லை. பொறுக்க முடியாமல் நான் ஆன்லைனில் ஒரு ஜோடி வரவழைத்தேன். அண்ணன் வீட்டுக்கே வந்து, டயரைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்தார். ஓரத்தில் டேப் இரண்டு சுற்று ஒட்டியிருந்தது. எவனோ பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறான் என்று தீர்ப்பு சொன்னார். என் மனைவியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். பெட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போனது.

கடைசியில் சந்தேகம் என் மேலேயே வந்து விழுந்தது. ஷேட்ஜியின் கடையில் எங்களுக்கு டீ வரவழைத்திருந்தார்கள். அண்ணன் தன் கிளாஸை ஒரு வாய் குடித்தார். என் கிளாஸை முகர்ந்தார். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"ஒமக்கு மட்டும் இஞ்சி டீ" என்றார் மெதுவாக. "எனக்குச் சாதா. ஒமக்கும் அந்த ஷேட்டுக்கும் எத்தன நாளாப் பழக்கம்?"

இனி முடியாது, மரியாதையாகச் சொல்லி விலகிக்கொள்வோம் என்று ஒரு மாலை கோர்படிக்குப் போனேன். அண்ணன் ரேஷன் அரிசியைத் தானே நின்று எடை பார்த்து வாங்கப் போயிருந்தார். அவர் மனைவி ரோசி அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். சிரித்த முகம். இடது கையை மட்டும் முழுசாக மேலே தூக்க வராமல், துணியை வலது கையாலேயே கொடியில் வீசிப் போட்டார்.

கொடிக்குக் கீழே ஒரு பைக் நின்றது. மைசூர் வண்டி. ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர். என் வண்டியின் அண்ணன் என்றே சொல்லலாம். ரிம்மில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு சக்கரத்திலும் டயர் இல்லை. செங்கல் மேல் நின்றது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ரோசி அக்காவே சொன்னார். கல்யாணம் ஆன புதிதில், பின் டயரைப் புதிதாக மாற்றிக்கொண்டு இருவரும் லோணாவளா போயிருக்கிறார்கள். கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொல்லிக் கொடுத்த டயர். பாதி வழியில் வெடித்தது. அண்ணனுக்குச் சிராய்ப்பு, அக்காவுக்குக் கை ஒடிந்து, சரியாகக் கூடவில்லை. அதுவரை அண்ணன் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஆளாம். நம்பி நம்பி வீட்டில் உடைந்த மிக்ஸியாக வாங்கிச் சேர்த்தவராம்.

"டயர் நல்ல டயர்தான் தம்பி" என்றார் அக்கா. "ஆணி ஏறிருந்துது. மெக்கானிக் கையில எடுத்தே காட்டுனான். இவுக நம்பல. அந்த ஆணிய யாரு கொண்டு போட்டான்னு கேக்காக. இன்னைக்கும் கேக்காக."

அன்றைக்கு இரண்டு டயரையும் கழற்றிப் போட்டவர்தான். அதற்குப் பிறகு எந்த டயரும் அவரிடம் பாஸ் ஆகவில்லை. வாரம் ஒருமுறை வண்டியைத் துடைப்பார், அக்கா அதன் மேல் துணி உலர்த்துவார். பக்கத்துத் தெரு தேவாலயத்துக்குக்கூட இருவரும் ஆட்டோவில் போனார்கள், அதுவும் அண்ணன் ஆட்டோவின் டயரைப் பார்த்த பிறகு. நான் விலகிக்கொள்ள வந்ததைச் சொல்லவில்லை. வரும் வியாழன் நானும் வருகிறேன் என்றார் அக்கா. பின்னால் உட்கார்ந்து போக ஆசையாக இருக்கிறது, இவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று சாதாரணமாகச் சொன்னார்.

அந்த வியாழன், என் வண்டியைச் சின்ன டெம்போவில் ஏற்றி ஷேட்ஜியின் கடைக்கே கொண்டுபோய்விட்டோம். அண்ணன் நகத்தை நீட்டுவதற்கு முன்னால் அக்கா மராத்தியில் பேசி இரண்டு டயரையும் மாட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் அருகில் நின்று ஒவ்வொரு ஸ்பேனரையும் முறைத்துக்கொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் ஷேட்ஜி பெருந்தன்மையாக, வேண்டுமானால் நானே பின்னால் உட்கார்ந்து வருகிறேன், ஓட்டிப் பாருங்கள் என்றார். அவருடைய எடைக்கு அது பெரிய உத்தரவாதம்தான். அண்ணன் என் காதருகே வந்தார். கூப்பிடாமலே ஒருத்தன் இப்படி முன்வருவானா என்று கேட்டார்.

அதற்குள் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு அருகே வந்துவிட்டார். நீங்கள் ஓட்டுங்கள், நான் உட்காருகிறேன் என்றார். அண்ணன் முடியாது என்றார். அக்கா நகரவில்லை.

"இந்த ஷேட்ட நீ நம்புதியா?"

"இல்ல. ஒங்களத்தான்."

"என்னய எதுக்கு நம்புத?" அண்ணன் நிஜமாகவே சந்தேகத்தோடுதான் கேட்டார்.

"அன்னைக்கும் ஒங்கள நம்பித்தான ஏறுனேன்" என்றார் அக்கா. "கைதான ஒடிஞ்சுது."

அண்ணன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார். தெருவெல்லாம் திரும்பிப் பார்த்தது. அக்கா ஏறி, முழுசாகத் தூக்க வராத இடது கையை அவர் தோளில் வைத்தார். நடந்து போகிறவர்கள் முந்திச் செல்லும் வேகத்தில் இருவரும் தெருமுனையைக் கடந்தார்கள்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள் என்று நானும் ஷேட்ஜியும் உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, ஆறியது. போன் போட்டால் அடிக்கவே இல்லை. ஷேட்ஜி முதலில் தன் டயரைச் சந்தேகப்பட்டார். கம்பெனியிலிருந்து சரியாகத்தான் வந்ததா என்று மீதி இருந்த இன்னொரு டயரை எடுத்து நகத்தால் அழுத்தினார். பிறகு டியூபைச் சந்தேகப்பட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, அந்த ஆள் உண்மையிலேயே உங்கள் பஸ்ஸில்தான் வருகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லும்போது என் குரலே எனக்கு உறுதியாக இல்லை. என் மனக்கண்ணில் லோணாவளா சாலையும் ஒரு ஆணியும் வந்துகொண்டே இருந்தன.

வெயில் சாயும்போது அந்த இரட்டைச் சைலன்சர் சத்தம் கேட்டது. அக்கா கையில் பாதி தின்ற சுட்ட சோளம். கடக்வாஸ்லா அணைவரை போய்விட்டு வந்திருந்தார்கள். போகும்போது சீவி முடிந்திருந்த அக்காவின் தலைமுடி எல்லாத் திசையிலும் பறந்து நின்றது. அண்ணன் ஸ்டாண்ட் போட்டார். யாரிடமும் பேசாமல் மண்டியிட்டு முன் டயரை முகர்ந்தார், பின் டயரை முகர்ந்தார். ஷேட்ஜி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"எப்படி அண்ணே இருக்கு?" என்றேன்.

"ஒரு தடவ ஓட்டுனா ஒண்ணுஞ் சொல்ல முடியாது வே. இன்னும் பாக்கணும்."

அன்றிலிருந்து வியாழன்தோறும் காலையில் சந்தேகராஜ் அண்ணன், ரோசி அக்காவோடு ஔந்துக்கு வருகிறார். டயர் சோதனைக்காக என் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். மழையில் பிடிமானம் எப்படி என்று பார்க்க முல்ஷிப் பக்கம் போனார்கள். வெயிலில் ரப்பர் இளகுகிறதா என்று பார்க்க ஸாஸ்வட் போனார்கள். அங்கிருந்து எங்களுக்கு அத்திப்பழம் வந்தது. சாயங்காலம் திரும்பியதும் என் மகளை ஒரு சுற்று அழைத்துப்போக எனக்கு அனுமதி உண்டு, மெதுவாக. அண்ணனின் வண்டிக்கும் அதே டயரில் ஒரு ஜோடி எடுத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன். சோதனை முடியாமல் எப்படி வாங்குவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பேச்சில் என் மேல் பழைய சந்தேகம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை.

சோதனை எப்போது முடியும் என்று நான் கேட்பதில்லை. வியாழக்கிழமை காலையானால் டாங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவியை வாசல் கதவிலேயே மாட்டி வைத்துவிடுகிறேன்.