முழுப் பாலம் ஒன்று

அக்கரப்பத்தனைப் பக்கம் வெள்ளைக்கல் தோட்டத்தில் ஓர் ஓடை ஓடுகிறது. இந்தப் பக்கம் ஏழாம் நம்பர் மலை. அந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கிற மடுவம். நடுவில் தண்ணீர். எந்த அதிகாரியிடமும் அனுமதி பெறாமல் இயற்கை செய்த இந்தக் காரியத்தால், காளியாயி அக்கா தினமும் கொழுந்து மூட்டையோடு இடுப்பளவு தண்ணியில் இறங்க வேண்டியிருந்தது. சுற்றிப் போனால் ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல் நடை. போய்ச் சேர்வதற்குள் மடுவம் பூட்டிவிடும். போன வைகாசி மழையில் ஒரு மூட்டை அக்காவை விட்டுவிட்டுத் தனியாகவே தண்ணியோடு தலவாக்கலைக்குப் புறப்பட்டுப் போனது. மூட்டை போனால் பரவாயில்லை, அடுத்த மழையில் ஆளே போய்விடும் என்று அக்கா பயந்தார்.

ஆகவே மகஜர் எழுதினார். "எங்களுக்கு ஒரு பாலம் வேணும்." வருடத்துக்கு ஒன்று வீதம் எழுதினார். இந்த வருடம், கடவைகள் மற்றும் தாண்டுதல்கள் திணைக்களத்திலிருந்து பதிலே வந்துவிட்டது.

"மேற்படி விடயம் தொடர்பாக: தங்கள் தோட்டத்துக்கு முழுப் பாலம் ஒன்று ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளமை ஆவணங்கள் மூலம் உறுதியாகியுள்ளது. பரிசோதனைக்காக உத்தியோகத்தர் வருகை தருவார்."

லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனமெல்லாம் ஓடைக்கு ஓடியது. ஓடையில் தண்ணிதான் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த வாரம் மடுவத்துக்குப் புது டிஜிட்டல் தராசு ஒன்று வந்திருந்தது. பெட்டரியில் ஓடுவது. அதோடு வந்த பாகங்களின் பட்டியலில், 'முழுப் பாலம் – 1' என்று ஒரு வரி. பட்டியலின் பிரதி எப்படியோ திணைக்களத்துக்குப் போய், காளியாயி அக்காவின் பைலில் பின் குத்தப்பட்டு, ஆனந்தமாக உட்கார்ந்துவிட்டது.

உத்தியோகத்தர் திரு. சிவசாமி அவர்கள் குடை, பைல், அளவு நாடா சகிதம் மடுவத்துக்கு எழுந்தருளினார். தராசைப் பொருத்த ஹட்டனிலிருந்து வந்திருந்த கடைக்காரர் லாபிர் நானா அதன் அடி மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"பாலம் எங்கே?" என்றார் சிவசாமி.

"இந்தா ஸேர், உள்ளுக்கு." லாபிர் நானா ஒரு சாண் நீள அலுமினியக் கட்டையைக் காட்டினார். "இதுல நாலு மெல்லிய தகடு ஒட்டியிருக்கு பாருங்க. கரண்ட் போறதத் தடுக்கிற தகடு. நாலையும் சதுரமா இணைச்சா அதுக்குப் பேர்தான் பாலம். நாலும் வேல செஞ்சா முழுப் பாலம், ரெண்டு செஞ்சா அரப் பாலம்."

சிவசாமியின் முகம் மலர்ந்தது. "பக்கத்துத் தோட்டத்தில் அரைப் பாலந்தான் கட்டி நிற்கிறது. நீங்கள் பாக்கியசாலிகள்!"

"ஐயா," என்றார் காளியாயி அக்கா, சேலையிலிருந்து தண்ணீர் சொட்ட, "அந்த அரப் பாலத்துல ஆத்துல பாதியாச்சும் நனையாமப் போவலாமுங்க."

"குறுக்கே பேசக்கூடாது. கொள்ளளவு?"

"நூத்தம்பது கிலோ, ஸேர்."

"ஒரே நேரத்தில் இருவர் செல்லலாம்." எழுதினார். "வளையுமா?"

"வளையாட்டி வேலயே இல்ல ஸேர்! பாரம் வச்சதும் மயிரிழையளவு வளையும். ரெண்டு தகடு இழுபடும், தடை கூடும். ரெண்டு அமுங்கும், தடை குறையும். சும்மா இருக்கச் சமமா நின்ட கரண்ட் அப்ப ஒரு பக்கம் சாஞ்சிரும். அந்தச் சாய்வத்தான் தராசு பாக்குது."

"பாரத்துக்கேற்பப் பணிவுடன் வளையும்." எழுதினார். "வெளிச்சம்?"

"இலக்கம் காட்டுறதுக்கு ஒரு சின்ன லைட் இருக்கு."

"மின்விளக்குடன் கூடியது! அப்புறம்?"

"அந்தச் சாய்வு ரொம்பப் பொடிசு ஸேர். ஒரு வோல்ட்ட ஆயிரமாப் பிரிச்சா அதுல சில பங்குதான். அத அப்படியே மேல அனுப்பினா யாருக்கும் வெளங்காது. அதால பெரிசாக்கிச் சொல்றதுக்கு ஒரு சில்லு, சிப்புன்னு சொல்றது. பெரிசானத இலக்கமா மாத்த இன்னொரு சில்லு. கணக்குப் பாத்து கிலோவாச் சொல்ல ஒரு மூள."

"நானா," என்றார் அக்கா, "அந்தப் பெரிசாக்குற சில்லு ஒண்ணு தனியாக் கெடைக்குமா? அடுத்த மகஜர்ல ஒட்டி அனுப்பணும்."

சிவசாமி கேட்காத மாதிரி பக்கத்தைப் புரட்டினார்.

"ஆரும் ஏறாட்டி அஞ்சு நிமிசத்துல தன்னால நின்டுரும்," என்று முடித்தார் லாபிர் நானா. "பெட்டரி மிச்சம்."

"பயன்பாடற்ற வேளைகளில் பாலம் மூடப்படும்." கடைசி வரியையும் எழுதி அடிக்கோடு போட்டார்.

"இதுல நான் எப்புடிங்கய்யா அக்கர போறது?"

"மூடியைப் போடுங்கள், லாபிர். அம்மா, ஏறுங்கள்."

அக்கா ஏறினார். 46.2 என்றது தராசு.

"இப்போது அந்தப் பக்கமாக இறங்குங்கள்."

இறங்கினார். 0.0.

"பார்த்தீர்களா? பாலத்தில் இப்போது யாருமே இல்லை. கடந்துவிட்டீர்கள்!"

லாபிர் நானா சிரிப்பை அடக்க முடியாமல் தராசைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ஒரு வாரத்தில் உத்தரவும் வந்தது. பாலம் உள்ளபடியால், பாலமல்லாத இடத்தில் ஓடையைக் கடப்பது தடை. "அந்தப் பாலத்துக்கு வாறதுக்கே ஓடையத் தாண்டணுமேங்க?" என்று அக்கா கேட்டதற்கு, அது அணுகுபாதைப் பிரிவுக்குரிய விடயம், புதிய படிவத்தில் விண்ணப்பிக்கவும் என்று பதில் கிடைத்தது.

அப்போதுதான் தோட்டம் விழித்துக்கொண்டது. பாலம் என்றால் திறப்பு விழா வேண்டுமே! மேல்லயத்துச் சங்கம் தங்கள் தலைவர் நல்லமுத்துவின் பேரை வைக்கச் சொன்னது. கீழ்லயத்துச் சங்கம் தங்கள் தலைவர் சோலைமலைக்காக உண்ணாவிரதம் என்றது. கோயில் கமிட்டிக்கும் ஒரு வரி வேண்டுமாம். பந்தம், பாசம், மைத்துனன், மாலை வாங்கிக் கொடுத்தவன் என்று முப்பத்தாறு பேரானது. தராசில் அத்தனை பேருக்கும் இடமில்லாததால், பதினாலடி நீளத்தில் இரும்புப் பலகை ஒன்று, புடைத்த எழுத்தில், திணைக்களப் பணிப்பாளர் பேரைத் தலையில் வைத்துச் செய்து, மடுவத்து வாசலில் நடப்பட்டது. விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். தராசுக்கு மாலை போட்டார்கள். மாலை எழுநூறு கிராம்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஓடை நுரைத்துக்கொண்டு வந்தது. காளியாயி அக்கா மூட்டையோடு கரையில் நின்று பார்த்தார். பிறகு, தராசைச் சரிபார்க்க வந்து மடுவத்துப் பக்கம் நின்ற லாபிர் நானாவைக் கூப்பிட்டார். அவரும் கொழுந்து லொறிக்காரரும் பலகையைப் பிடுங்கி ஓடைமேல் போட்டார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. புடைத்த எழுத்து, வழுக்கவும் இல்லை. அக்கா மூட்டையோடு டக் டக்கென்று நடந்து வந்துவிட்டார்.

பின்னால் ஏழாம் நம்பர் மலையே வந்தது. அங்கேதான் சிக்கல்.

"ஐயோ, எங்க தலைவர் பேர மிதிக்க மாட்டேன்!" என்று ஜீவராணி சோலைமலையைத் தாண்டிக் குதித்தாள். தண்ணியில் விழுந்தாள். மேல்லயத்துக் கணேசமூர்த்தி நல்லமுத்துவை விட்டு விலகி ஓரத்தில் கால் வைத்தார். அவரும் விழுந்தார். கோயில் கமிட்டி வரியை ஒருவருமே மிதிக்கவில்லை. அங்கே மட்டும் ஆறு பேர் தண்ணியில் விழுந்தார்கள். செய்தி கேட்டுப் பறந்து வந்த சிவசாமி, பணிப்பாளரின் பேரை மரியாதையாகத் தாண்டப்போய், குடையோடு உள்ளே இறங்கினார்.

நனைந்தவர்கள் எல்லாரும் அங்கேயே, சிவசாமி கொண்டுவந்த அதே பைலின் பின்பக்கத்தில், ஒரு மகஜர் எழுதினார்கள். மேல்லயம், கீழ்லயம், கோயில், திணைக்களம் எல்லாம் ஒரே தாளில் கையெழுத்து. பலகையை உடனே அகற்ற வேண்டுமாம்.

"இத்தன பேரு ஒண்ணாக் கையெழுத்துப் போடுவீங்களாடி?" என்றார் காளியாயி அக்கா. "நான் பாலம் கேட்டு எழுதுனப்ப எல்லாரும் எங்கடி இருந்தீங்க?"

ஜீவராணி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அது வெறும் பாலம் தானக்கா. இது பேரு விசயம்."

மறுநாள் காலையிலேயே திணைக்கள லொறி வந்துவிட்டது.