மின்னல் சாரும் என் இரண்டு குடமும்

பம்மலில் காற்றை மூட்டை கட்டி விற்கப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மின்னல் சார்தான். அவருக்குப் பிறகும் அந்தத் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் காம்பவுண்டில் ஐந்து குடித்தனம். கோடியில் இருந்த தகர ஷெட்டில் சார். ஏதோ காலேஜ் லேபில் வேலை பார்த்தவர், அங்கேயும் எதையோ எரித்துவிட்டுத்தான் வந்தார் என்று பேச்சு. அவர் சட்டையைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். துணியைவிட ஓட்டை அதிகம்.

வெல்டிங் மிஷினை வைத்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்னல் விடுவார். அதற்குள் காற்றை ஊதுவார். அந்தச் சூட்டில் காற்று பிளாஸ்மா என்று ஒன்றாகி, அதற்குள் இருப்பவை எல்லாம் புதிதாக ஜோடி சேருமாம். சட்டென்று குளிர வைத்தால் செம்பழுப்புப் புகை வரும். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் விட்டால் பயிருக்கு உரம். நான் கேட்காமலே ஒருநாள் விளக்கினார்.

"மைசூர்பாகு மாதிரிம்மா. பதத்துல இறக்கணும். மெதுவா ஆற விட்டோம்னா சேர்ந்ததெல்லாம் பிரிஞ்சு மறுபடி வெறும் காத்தா போயிடும்."

தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது மைசூர்பாகு மட்டும்தான்.

அவர் மின்னல் விட்டால் எல்லார் வீட்டு பல்பும் மங்கும். ஞாயிற்றுக்கிழமை டிவி படத்தில் கதாநாயகி அழ ஆரம்பிக்கும்போது அவள் முகம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு காலத்தில் நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் வீடாகிவிட்டாலும் உரம் என்றால் காது கொடுப்பார். அதனால் இரண்டு வருஷம் பொறுத்தார். பிறகு ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், ரெண்டு வருசமா காத்தை ஊதிகினே கீற. வர்ற ஞாயித்துக்கெழம அந்தப் பொகையை என் கண்ல காட்டு. இல்லாங்காட்டி திங்கக்கெழம ஷெட்டைக் காலி பண்ணு."

அந்த மின்னலுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? சார் நாலு நாள் தூங்கவில்லை. மாடிப்படியில் ஒரு டிரம் தண்ணீரை ஏற்றி வைத்தார். அதிலிருந்து ஹோஸ் இறங்கி, மின்னலைச் சுற்றியிருந்த செம்புக் குழாயைக் குளிர வைத்து, பின்பக்கமாகச் சாக்கடைக்குப் போனது. லாரித் தண்ணீருக்கு நாங்கள் அடித்துக்கொள்ளும் தெருவில் சாக்கடைக்குத் தண்ணீர்! கொலைகாரனைக்கூட எங்கள் பெண்கள் மன்னித்திருப்பார்கள்.

லாரி வந்தால் இடித்துக்கொண்டு முன்னால் போக எனக்குக் கூச்சம். எப்போதும் கடைசி ஆள், அரைக் குடம். அந்த ஞாயிறு என் கொல்லைக்கதவு ஓரமாகவே ஹோஸ் ஓடுகிறது, வரிசையும் கிடையாது. முன்பக்கம் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். மெல்லக் குடத்தை வைத்தேன். நிரம்பியது. இன்னொரு குடம் உள்ளே இருந்தது. அதற்குள் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று, லாரிக் குழாயில் எல்லாரும் செய்வதுபோல ஹோஸை மடக்கினேன். மடக்கியதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிட்டுக் குடமெடுக்கப் போனேன்.

ஷெட்டுக்குள் டமால் என்றது. தண்ணீர் நின்றதும் செம்புக் குழாய் கொதித்து, ஹோஸ் பிய்ந்து, ஓனர் அம்மாவின் பட்டுப்புடவை முழுக்க ஆவி. புகை சேர வேண்டிய கண்ணாடி பாட்டிலில் ஒன்றையும் காணோம். வெறும் காற்று.

"இந்தக் காத்துக்கா ரெண்டு வருசம்?" என்று அம்மா கேட்டது கொல்லைவரை கேட்டது.

சார் பின்பக்கம் ஓடிவந்தார். ஹோஸ், அதன்மேல் குழவி, பக்கத்தில் காலிக் குடத்தோடு நான். அவர் குழவியை எடுத்து ஓரமாக வைத்தார். ஹோஸில் மிச்சமிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

"ரெண்டாவது குடத்தையும் வைங்கம்மா" என்றார்.

முன்பக்கம் போய், தன் கணக்குதான் தப்பு என்று அம்மாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கம்பிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த டிரம் மட்டும் என் கொல்லைக்கதவு ஓரம் நின்றது.

யாராவது அவரைக் கிறுக்கன் என்றால் நானும் சிரிப்பேன். உரம் வரவில்லையே என்றால் மட்டும், இந்த வயதில், வாய் திறந்துவிடுகிறேன்: "வந்திருக்கும்."