வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத பிள்ளை

வக்காலத்துத் தகப்பன் என்றொரு இனம் உண்டு. பள்ளிக்கூட வாசலில் நீங்களே பார்த்திருப்பீர்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், யார் மறுத்தது? ஆனால் எந்தக் காக்கையாவது குஞ்சுக்காகத் தலைமையாசிரியையின் மேசையைத் தட்டியிருக்கிறதா? இந்த இனம் தட்டும்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். ஊரார் கண்ணில் உள்ள குறையைக் கால் பவர் பிசகாமல் சொல்லிவிடுவார். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய ஒரே மகள் சிட்டு, ஒரே மாதத்தில் நான்கு பிள்ளைகளையும் ஒரு விளையாட்டு ஆசிரியரையும் கடித்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, அவருக்குக் கோபம் கண்ணை மறைத்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நர்ஸ் வேலையிலிருந்த மனைவியையும் பாதியில் கிளப்பிக்கொண்டு புறப்பட்டார்.

"அங்க வந்து வாயத் திறக்காதீங்க. அவ கடிப்பா. என்னையே கடிச்சிருக்கா" என்றாள் மனைவி.

"அது முத்தம்."

"முத்தத்துக்கு யாராவது ஊசி போட்டுக்குவாங்களா?"

தலைமையாசிரியை பட்டியலை வாசித்து முடிக்குமுன் நம்மவர் எழுந்துவிட்டார். கடித்தாளா, வாய் பட்டதா? அந்தப் பையனின் கைக்கு அவள் வாய்ப் பக்கம் என்ன வேலை? பல் முளைக்கிற வயதில் எந்தக் குழந்தைதான் கடிக்காது?

"இது பல் விழற வயசு சார்."

"அப்படிச் சொல்லுங்க! முன்பல் ரெண்டும் விழுந்து ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் எத வச்சுக் கடிச்சா?"

மூலையில் நின்றிருந்த ஆறடி விளையாட்டு ஆசிரியர் பேசாமல் முழங்கைக் கட்டை அவிழ்த்தார். அரைவட்டமாகப் பல்தடம். நடுவில், இரண்டு பல் அகலத்துக்கு, சுத்தமான இடைவெளி.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஊர்ல பல்லு விழுந்த பிள்ளைங்க ஆயிரம் இருக்கும்மா! எம்பொண்ணு வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ!"

"வச்சுப் பாத்துட்டுத்தான் சார் உங்களக் கூப்பிட்டோம்" என்றார் தலைமையாசிரியை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்த பிள்ளைங்க அவ பக்கத்துல உக்கார பயப்படுறாங்க. வாரம் ஒருநாள் மனநல ஆலோசகரப் பாக்கணும், நீங்க ரெண்டு பேரும் கூட வரணும். முடியாதுன்னா, நான் டி.சி. தர்றதத் தவிர வழியில்ல."

"கூப்பிடுங்க அவள! அவ வாயாலேயே சொல்லட்டும்!"

சிட்டு வந்தாள். ரிப்பன் ஒருபக்கம் அவிழ்ந்திருந்தது. அப்பா மண்டியிட்டு, தேனொழுகக் கேட்டார்: "நீ யாரையும் கடிக்கலதானே செல்லம்?"

"கடிச்சேன்."

"தெரியாமப் பட்டிருக்கும்."

"இல்லப்பா, தெரிஞ்சேதான்."

"விளையாட்டுக்கு…"

"கோவமா வந்துச்சு, கடிச்சேன்!" சிட்டுவின் உதடு பிதுங்கியது. "தண்ணிக் குழாய்கிட்ட தினம் என்னத் தள்ளிவிடுறாங்க. அத உங்ககிட்ட சொல்ல வந்தா, 'எம்பொண்ணு யார்கிட்டயும் சண்டை போடமாட்டா'ன்னு சொல்லிட்டு டிவி பாக்கறீங்க. நான் போடுறேன்ப்பா! தினம் போடுறேன்!"

வக்காலத்து வாங்கிய மும்முரத்தில் கட்சிக்காரியிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அப்போதுதான் நம்மவருக்கு உறைத்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் கடிக்கவில்லை.

"எந்தக் கிழமை வரணும்?" என்று கேட்டார்.

"வியாழன். குழாய் விஷயத்த இன்னிக்கே நான் பாக்குறேன்" என்றார் தலைமையாசிரியை.

கிளம்பும்போது, "மாஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேளும்மா" என்றாள் அம்மா.

"ஸாரி மாஸ்டர்" என்ற சிட்டு, சற்று யோசித்து, "உப்பா இருந்துச்சு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"குழந்த வெகுளிங்க" என்று ஆரம்பித்தவரை மனைவி கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனாள். பல காலத்துப் பழக்கம் ஒரே நாளில் விடுமா?

அதிருக்கட்டும். 'தள்ளிவிட்டால் பிள்ளை கடிக்காமல் என்ன செய்யும்?' என்று நடுவில் உங்களுக்கு ஒரு நியாயம் தோன்றியதல்லவா? தோன்றியிருந்தால், பள்ளியிலிருந்து போன் வரும்போது தயவுசெய்து நீங்கள் எடுக்காதீர்கள். வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.